மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோயிலும் வலியையும் சிக்கல்களையும் வீட்டில் கையாளுதல்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும், புற்றுநோய் எலும்பு வரை பரவி வீட்டில் படுத்திருப்பவருக்கும் நோய் வேறு, மருந்து வேறு, எதிர்பார்க்கும் முடிவும் வேறு. ஆயினும் இருவரையும் பார்த்துக்கொள்ளும் வீட்டார் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. வலி தாங்க முடியாத அளவுக்கு ஏறிய பிறகே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்கள். கிட்னி போய்விடும், பழகிவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது தவறான மருந்தின்மேல் விழுகிறது. மருத்துவர் அளவு பார்த்து எழுதிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் அதே வீட்டில், சீட்டில்லாமல் மருந்துக் கடையில் வாங்கிய மூட்டு வலி மாத்திரை மாதக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சிறுநீரகத்தை உண்மையில் கெடுக்கக்கூடியது பெரும்பாலும் அந்த இரண்டாவது மாத்திரைதான்.

இவ்வழிகாட்டி வீட்டில் இருந்து கவனித்துக்கொள்பவருக்காக எழுதப்பட்டது. மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அதை நேரம் தவறாமல் கொடுப்பதும், பலனைக் கவனித்துச் சொல்வதும், எந்த வலி வழக்கமானது, எது ஆபத்தின் அறிகுறி என்று பிரித்தறிவதும் வீட்டாரின் வேலை.

வலியை எழுதி வைத்தல்

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். வலியே இல்லையென்றால் 0, கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி என்றால் 10 என்று நோயாளியிடம் சொல்லி, இப்போது எத்தனை என்று அவரையே கேட்டு எழுத வேண்டும். முகத்தைப் பார்த்து நாம் ஊகிப்பது சரிப்படாது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் அதிகம். எண்ணுக்குப் பக்கத்தில் நேரம், வலிக்கும் இடம், கொடுத்த மருந்து, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எண் எவ்வளவு குறைந்தது என்பவற்றையும் குறிக்க வேண்டும். மருத்துவரிடம் 'ரொம்ப வலிக்குதாம்' என்று சொல்வதைவிட, 'காலை 8 மணி மாத்திரைக்கு 7-இல் இருந்து 3-க்கு வருகிறது, ஆனால் 11 மணிக்கெல்லாம் திரும்பவும் 6 ஆகிவிடுகிறது' என்று சொல்வது பல மடங்கு பயன் தரும். மருந்து வேலை செய்கிறது, ஆனால் அடுத்த வேளை வரை தாங்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

வலி எப்படி இருக்கிறது என்று நோயாளி சொல்லும் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்வது முக்கியம். எரிகிறது, ஷாக் அடித்தது போல் சுளீர் என்கிறது, மரத்துப்போய் ஊசி குத்துகிறது என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். ஒரே இடத்தில் குடைகிறது, அசைந்தால் கூடுகிறது என்றால் எலும்பாக இருக்கலாம். வயிற்றைப் பிசைகிறது, முறுக்கி முறுக்கி விடுகிறது என்றால் குடலாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால், 'வலி' என்ற பொதுச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் மருத்துவருக்கு வழி தெரியாது.

மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் வாரங்கள்

அறுவை சிகிச்சையின்போது போட்ட நரம்பு மரப்பு ஊசியின் வேலை ஒரு நாளுக்குள்ளோ சற்றுப் பின்னரோ தீர்ந்துவிடும். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அலறுவதைக் கண்டு, அறுவை சிகிச்சையில் ஏதோ கோளாறு என்று வீட்டார் பதறுவதுண்டு. மரப்பு விலகும் முன்பே அடுத்த வேளை மாத்திரை உள்ளே போயிருந்தால் இந்த ஏற்றம் பெரிதும் மட்டுப்படும் என்பதால், எத்தனை மணிக்கு மரப்பு விலகும் என்று மயக்க மருந்து நிபுணரிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு வலியைக் குறைப்பதன் நோக்கம் நிம்மதி மட்டுமன்று. வலி இருந்தால் முழங்காலை மடக்க மாட்டார். மடக்காவிட்டால் உள்ளே தழும்புத் திசு உருவாகி இறுகி, 6 முதல் 12 வாரங்களில் 90 டிகிரிகூட மடங்காத நிலைக்கு மூட்டு வந்துவிடலாம். அப்போது மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலை ஏற்படும். ஆகவே பிசியோதெரபி தொடங்குவதற்கு ஏறத்தாழ 45 நிமிடங்களுக்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்துவிட வேண்டும். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பையை 15 முதல் 20 நிமிடங்கள் வைக்கலாம். தோலின்மேல் ஐஸை நேரடியாக வைக்கக் கூடாது. படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுகத்தில்தான் கால் நேராக நீளாமல் போகிறது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் அதன் எடையிலேயே தாழும்படி விட வேண்டும். அவர் வலிக்கிறது என்பார். நாளைக்குச் சில தடவை, சில நிமிடங்கள் பொறுத்துக்கொள்ளச் சொல்லத்தான் வேண்டும்.

மாத்திரைகளில் அடித்தளம் பாராசிட்டமால். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும், எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. சிக்கல் என்னவென்றால், டிரமடால் கலந்த மாத்திரையிலும் அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையிலும் பாராசிட்டமால் ஏற்கெனவே 325 மில்லிகிராம் அளவில் இருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாக 650 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கும்போது இதுவும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே அட்டையின் பின்புறம் உள்ள பெயர்களைப் படித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை வீக்கத்தைக் குறைப்பதில் சிறந்தவைதாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இவை ஆபத்தானவை. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேரும்போது இரத்தக் கசிவும் கூடும். மருத்துவர் எழுதியிருந்தால் எழுதிய நாட்களுக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். டிரமடால் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும்; வலிப்பு நோய் உள்ளவரும், மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வயதானவர் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில இரவுகளில் ஆள் தெரியாமல் பேசுவது, குழாயைப் பிடுங்குவது ஆகியவை பலரிடம் காணப்படும் தற்காலிகக் குழப்பம். மருந்து, காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, உப்புச்சத்துக் குறைவு, அடக்கப்படாத வலி ஆகிய எதுவும் அதன் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதோடு அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காமல் மாட்டிவிட்டு, பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தாலே பாதி தெளிவு வரும்.

மூட்டில் சிக்கல் என்று எப்போது கருத வேண்டும்

முழங்காலைச் சுற்றி வீக்கமும் சூடும் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட, இருப்பது வழக்கமே. நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வரும் வலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறைந்து வந்த வலி மறுபடி ஏறத் தொடங்கினால்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, இரத்தக் கட்டி. ஆடுசதையில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால், காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நம் ஊரில் கால் வீங்கினால் கை உடனே எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும். இந்த நிலையில் ஆடுசதையை எண்ணெய் தேய்த்து உருவுவது கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். உருவ வேண்டாம், ஸ்கேன் எடுக்க அழைத்துச் செல்ல வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். இதைத் தடுக்கவே ஆஸ்பிரின், எனாக்ஸாபாரின் ஊசி, ரிவராக்ஸபான் போன்றவற்றில் ஒன்றை எழுதித் தருகிறார்கள். முழங்காலுக்குப் பெரும்பாலும் 2 வாரங்கள், இடுப்பு மூட்டுக்கு 35 நாட்கள் வரை அது தொடரும். புண் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், நேரத்துக்கு ஒரு தடவை வாக்கர் பிடித்து நடப்பதும் மருந்துக்குத் துணை.

இரண்டாவது, கிருமித் தொற்று. மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே இது வந்தாலும், வந்தால் சாமானியமாகப் போகாது. உலோகத்தின்மேல் கிருமிகள் படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை அங்கே எட்டாது. தையல் போட்ட இடத்திலிருந்து 5 நாட்களுக்குப் பிறகும் நீர் கசிந்தால், சிவப்பு பரவினால், சீழ் வந்தால், குளிர்க்காய்ச்சல் அடித்தால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவரையே பார்க்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தெரு மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனால், மூட்டிலிருந்து எடுக்கும் நீரில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். தொடக்கத்திலேயே தெரிந்தால் மூட்டைத் திறந்து கழுவி, பொருத்திய கருவியைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதமானால் கருவியைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட் வைத்து, பின்னர் இன்னொரு முறை புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். மஞ்சள், வேப்பிலை, பச்சிலை எதையும் தையலின்மேல் வைக்கக் கூடாது. ஆண்டுகள் கழிந்த பின்னும்கூட, பல்லில் சீழ், சர்க்கரை நோயாளியின் காலில் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றிலிருந்து கிருமி இரத்தம் வழியாக மூட்டுக்குப் போகலாம் என்பதால், அவற்றை உடனுக்குடன் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பு மூட்டு மாற்றியவருக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: மூட்டு நழுவுதல். கால்மேல் கால் போடுவது, சம்மணமிடுவது, குந்தி உட்காருவது, தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து குனிந்து தரையிலிருந்து பொருள் எடுப்பது ஆகியவற்றை முதல் சில மாதங்களில் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பே வீட்டில் உயரமான கமோடு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. திடீரென்று கடும் வலியுடன் கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தால் ஊன்றி நடக்க வைக்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புற்றுநோய் வலியும் மார்ஃபினும்

புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டது. வாய்வழியாகக் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு, வலியின் கடுமைக்கேற்ப ஏணியில் ஏறுவது போல மருந்தைக் கூட்டு என்பதே அதன் சாரம். 2018-இல் திருத்தியபோது படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். கடுமையான வலிக்கு நேராக, அபின் வகை வலி மருந்தான மார்ஃபினிலேயே தொடங்கலாம். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது மட்டும் மாறவில்லை.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும். அதனால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொடுக்க வேண்டும். வலி இல்லாததால் ஒரு வேளையைத் தாண்டுவது வீட்டார் செய்யும் முதல் தவறு. அந்த வேளை மருந்துதான் வலி இல்லாமல் வைத்திருக்கிறது. நள்ளிரவில் எழுப்பாமல் இருப்பதற்காக, படுக்கப் போகும்போது இரட்டை அளவு கொடுக்கும்படி மருத்துவர்கள் எழுதுவதுண்டு. இடையில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் வேளையும் எழுதித் தருவார்கள். பெரும்பாலும் அது ஒரு நாள் முழு அளவில் ஆறில் ஒரு பங்காக இருக்கும். அந்தக் கூடுதல் வேளை எத்தனை முறை தேவைப்பட்டது என்று நோட்டில் குறித்தால், மொத்த அளவைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார். 12 மணி நேரம் நிற்கும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. உடைத்தால் 12 மணி நேர மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் இறந்துவிடுவார், கடைசி நாளில் கொடுப்பது அது, போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற மூன்று அச்சங்களும் இன்னமும் இருக்கின்றன. சிறு அளவில் தொடங்கி வலிக்கேற்பக் கூட்டிக்கொண்டு போனால் மூச்சு அடங்கும் ஆபத்து மிகக் குறைவு. உடல் மருந்துக்குப் பழகுவதும் அடிமையாவதும் வேறு வேறு. ரேடியேஷனால் வலி குறைந்த பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்கள் பலர் உண்டு. திடீரென்று நிறுத்துவதுதான் கூடாது. ஆனால் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கத்தான் வேண்டும். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருந்து, பின்னர் தானே குறையும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் கீழே போய், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் அது மிகை அளவு. அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவரின் உடலில் மார்ஃபினின் கழிவுகள் தேங்கும் என்பதால், சிறுநீர் குறைந்தாலே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாள் போனாலும் குறையாத முக்கியமான பக்க விளைவு மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கும் அன்றே பைசகோடைல், சென்னா போன்ற குடலை இயக்கும் மருந்தும் தொடங்கியிருக்க வேண்டும்; எழுதித் தரவில்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். இசப்கோல் போன்ற நார்ப்பொடி இங்கே உதவாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது குடலிலேயே இறுகிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுக்கக் கூடாது. கீமோ எடுத்து வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கு எனிமாவோ ஆசனவாய் மாத்திரையோ மருத்துவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

விழுங்க முடியாதவர்களுக்கு, தோல் வழியாக மருந்து இறங்கும் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டையை ஒட்டுவார்கள். அது வேலை செய்யத் தொடங்க அரை நாள் ஆகும். 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதன்மேல் ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ வைத்தால் மருந்து வேகமாக இறங்கி ஆபத்தாகிவிடும். கடும் காய்ச்சலிலும் இதே கவனம் தேவை. கழற்றிய பட்டையிலும் மருந்து மீந்திருக்கும் என்பதால் ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். மார்ஃபின் மாத்திரையையும் பூட்டி வைத்து, மீந்ததைக் கொடுத்த மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

எலும்பு வலி, நரம்பு வலி

மார்ஃபின் ஏறிக்கொண்டே போயும் எரிச்சலும் ஷாக் அடிப்பதும் குறையவில்லையென்றால், அது நரம்பு வலியாக இருக்கலாம். அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரிகாபலின் போன்றவை அதற்கானவை. இவை மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ உரியவை என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். நரம்பின் மிகைத் துடிப்பை அடக்குவதற்காகவே இங்கே கொடுக்கப்படுகின்றன. பலன் தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும்.

எலும்பில் பரவிய நோயின் வலிக்கு ரேடியேஷன் நல்ல மருந்து. பல சமயம் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே போதும். முதல் ஓரிரு நாட்கள் வலி கூடலாம், முழுப் பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம், அதுவரை மாத்திரையைக் குறைக்கக் கூடாது. எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம் தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

மூட்டு மாற்று சிகிச்சையும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் சந்திக்கும் இடமும் இதுதான். தொடை எலும்பில் நோய் பரவியவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தொடையில் குடைகிறது என்றால், எலும்பு முறியப் போகிறது என்று பொருளாகலாம். முறிவதற்கு முன்பே உலோகக் கம்பி செருகியோ இடுப்பு மூட்டை மாற்றியோ தாங்கு கொடுத்தால், வலியும் குறையும், நடக்கவும் முடியும். அந்த இடத்தை உருவுவதும் நாட்டுக் கட்டுப் போடுவதும் எலும்பை உடைத்துவிடக்கூடும். இளம் வயதினருக்கு முழங்காலை ஒட்டி வரும் எலும்புப் புற்றுநோயில், காலை எடுக்காமல் கட்டியுள்ள எலும்பை மட்டும் நீக்கி, நீண்ட செயற்கை மூட்டைப் பொருத்துவதும் உண்டு. கீமோவும் கூடவே நடப்பதால் இவர்களுக்குக் கிருமித் தொற்றின் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம். மேலே தையலைப் பற்றிச் சொன்னவை யாவும் இவர்களுக்கு இரு மடங்கு பொருந்தும்.

காத்திருக்கக் கூடாதவை

கீமோ எடுத்தவருக்கு, குறிப்பாக எடுத்து 7 முதல் 14 நாட்களுக்குள், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. பாராசிட்டமாலைக் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகலாம். வலிக்காகவே நாள் முழுதும் பாராசிட்டமால் சாப்பிடுபவரிடம் காய்ச்சல் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு வேளை கொடுக்கும் முன்பும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கீமோ காலத்தில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கவே கூடாது.

புற்றுநோயாளிக்கு முதுகில் புதிதாக வந்த வலி படுத்தால் கூடுகிறது, பட்டை கட்டியது போல் மார்பைச் சுற்றி இறுக்குகிறது, கால்கள் தள்ளாடுகின்றன, சிறுநீர் போவது தெரியவில்லை என்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நடந்து வரும் நிலையில் சிகிச்சை பெற்றவர் நடந்தே திரும்ப வாய்ப்பு அதிகம். கால் விழுந்த பிறகு அது பெரும்பாலும் மீள்வதில்லை. அன்றைக்கே போக வேண்டும். அடங்காத தாகம், அதிகச் சிறுநீர், மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். மார்ஃபின் மயக்கம் என்று ஒதுக்கிவிடாமல் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

யாரை நாடுவது

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொண்டால், மூட்டு மாற்றியவருக்கும் படுக்கையில் உள்ள புற்றுநோயாளிக்கும் அது பயன்படும். மார்ஃபின் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருப்பதை எளிதாக்கியிருக்கிறது; எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று சிகிச்சை பெறும் இடத்திலேயே கேட்டு, மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், வலி நோட்டு மூன்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்ல வேண்டும். பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு நோயாளியின் கதை தெரியாது. 'கீமோ முடிந்து 9-ஆம் நாள், காய்ச்சல் 101' என்றோ, 'முழங்கால் மாற்றி 12-ஆம் நாள், நேற்றிலிருந்து ஆடுசதை வீக்கம், இரத்தம் உறையாத மருந்து 3 நாளாகக் கொடுக்கவில்லை' என்றோ முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.